எல்லாவற்றுக்கும் கெடு உண்டு, சுத்தம் செய்வதற்கு மட்டும் இல்லை: இராணிப்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம், புது டெல்லி.
தலைவர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டெல்லி.

மதிப்புக்குரியவர்களே,

நச்சுக் கழிவால் மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்று 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்திருக்கிறீர்கள். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்படியொரு விதித் தொகுப்பு வருவது இதுவே முதல் முறை. மாசடைந்த இடங்களைச் சீரமைக்கத் தேசிய அளவில் ஒரு திட்டம் வேண்டும் என்று உங்கள் அமைச்சகம் 2010-லேயே வேலையைத் தொடங்கியது. சட்ட வடிவம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கழனியும் கிணறும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அங்கே மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலையின் நச்சுக் கசடு எங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்துவருகிறது. அந்த விதிகளில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று தேடித்தான் வாசித்தேன்.

கெடுக்கள் நிறைய இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பற்றி மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அதைப் பெற்றபின் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அதற்கென நியமிக்கப்பட்ட நிபுணர் அமைப்போ 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு. மாசுக்குப் பொறுப்பானவர் யார் என்று கண்டறிய 90 நாட்கள். இடம் மாசடைந்தது உறுதியானால் ஊரறிய அறிவித்து, ஆட்கள் நுழையக் கட்டுப்பாடு விதிக்க வேண்டும். இவ்வளவும் சரி. மண்ணையும் நீரையும் எந்த நாளுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அந்த விதிகளில் ஒரு தேதியும் இல்லை.

இந்த மடல் எழுதக் காரணம் அந்த விடுபடல்தான். ஆய்வுக்கும் அறிக்கைக்கும் எங்கள் ஊரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

எங்கள் பகுதியில் இருப்பது என்ன என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். இருந்தாலும் பக்கத்தில் வாழ்கிறவர்களின் வாயால் ஒருமுறை கேளுங்கள். 1970-களில் அரசு அமைத்த தொழிற்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை வந்தது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து உலையில் வறுத்து, அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கரைந்து வரும் மஞ்சள் கரைசலிலிருந்து சோடியம் டைகுரோமேட்டும் தோல் பதனிட உதவும் குரோமியம் சல்பேட்டும் எடுத்தார்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கு அந்தச் சரக்கு தேவைப்பட்டது. கரைசலை எடுத்தபின் மிஞ்சிய கசடைத் தொழிற்சாலை வளாகத்திலேயே கொட்டினார்கள். கொட்டிக்கொண்டே போனார்கள். 1990-களின் நடுவில் தொழிற்சாலை மூடப்பட்டது. கசடு அங்கேயே மேடாக நின்றது. அதன் அளவு சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் டன் என்பது அரசுத் தரப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பத்து டன் லாரியில் ஏற்றினால் இருபத்திரண்டாயிரம் நடைக்கு மேல் ஆகும்.

அந்தக் கசடில் எஞ்சியிருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். குரோமியத்தின் மற்றொரு வடிவமான டிரைவேலன்ட் எளிதில் தண்ணீரில் கரையாது, நஞ்சும் குறைவு. இது அப்படியல்ல. எளிதில் கரையும், மண்ணில் தங்காது, மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரோடு நகரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கசடில் கலந்த சுண்ணாம்பு மழையில் நனைந்து உப்பிப் பெருகும், மேடு பிளக்கும். மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேடு ஒவ்வொரு பருவமழையிலும் தானே திறந்துகொள்ளக்கூடியது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊருக்கு வந்தால் எதையும் அளக்கும் கருவி உங்களுக்குத் தேவைப்படாது. மேட்டின் அடியிலிருந்து கசியும் நீர் எலுமிச்சம்பழத் தோலின் நிறத்தில் கால்வாயில் ஓடும். பாலாறு கரைபுரண்ட 2021 நவம்பரில் ஏரி நிரம்பியது என்று மற்ற ஊர்களில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார். நீர் மட்டம் மேலே வந்திருந்தது, மஞ்சளும் கூடவே வந்திருந்தது. வறண்ட பாலாற்றங்கரையில் பிறந்தவர்கள் மழைக்காக ஏங்குவார்கள். எங்களுக்கு அந்த ஏக்கத்தோடு அச்சமும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் கிணறு தாத்தா வெட்டியது. நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் விளைந்த கழனிக்கு அதுதான் ஆதாரம். மாட்டுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டுவதைப் பாட்டிதான் முதலில் நிறுத்தினார். அடுத்துக் குடிப்பதை நிறுத்தினோம், பிறகு சமைப்பதை, பிறகு குளிப்பதை. கடைசியாகப் பம்ப்செட்டையும் கழற்றி விற்றோம். மாதிரியை நாங்களே பணம் கட்டித் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தபோது, குடிநீரில் இருக்கலாம் என்று நம் நாட்டுத் தரம் சொல்லும் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற அளவைக் குரோமியம் பல மடங்கு தாண்டியிருந்தது. அந்த முடிவை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தனியார் ஆய்வக முடிவு செல்லாது என்றார்கள். அப்படியானால் நீங்கள் எடுத்த மாதிரிகளின் முடிவைக் கொடுங்கள் என்றேன். விவகாரம் வழக்கில் இருப்பதால் தர இயலாது என்றார்கள். எங்கள் கிணற்றின் நீரைப் பற்றி அரசுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்ல முடியாது என்ற பதிலை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அனுமதிக்கிறது? இதற்கு விடை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

என் பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். கையுறை, முகமூடி எல்லாம் மேற்பார்வையாளர்கள் வருகிற நாளில்தான் என்பார். கைகளிலும் கணுக்காலிலும் வட்டம் வட்டமாகப் புண் வந்து, ஆறி, குழியாக நின்றது. மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தது. குரோமேட் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் வரும் என்று மருத்துவ நூல்கள் நூறாண்டுக்கு மேலாக எழுதிவருகின்றன. பெரியப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சளி என்று நினைத்து வருஷக்கணக்கில் மருந்து வாங்கினார். எங்கள் ஊரில் யாராவது நோயில் இறந்தால், இது குரோமியத்தால்தான் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அப்படிச் சொல்லவும், இல்லை என்று மறுக்கவும் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். வீடு வீடாகச் சென்று, யார் எங்கே வேலை செய்தார், எந்தக் கிணற்று நீரைக் குடித்தார், இப்போது உடல் எப்படி இருக்கிறது என்று எழுதி, அதன் முடிவை எங்கள் கையில் கொடுத்தவர் இதுவரை எவரும் இல்லை. மண்ணைத் துளையிட்டுப் பார்த்தவர்கள் மனிதர்களைப் பார்க்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அந்தத் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்ட காலத்தை ஒட்டி, 1996-ல், உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. பிப்ரவரியில் வந்தது இராஜஸ்தானின் உதய்பூர் அருகேயுள்ள பிச்ரி கிராமத்தின் வழக்கு. சாயம் செய்ய உதவும் எச்-ஆசிட் என்னும் ரசாயனத்தைத் தயாரித்தவர்கள் விட்டுச்சென்ற கசடு நிலத்தில் இறங்கிக் கிணறுகளைப் பாழாக்கிய வழக்கு அது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகஸ்ட் 28 அன்று வந்தது எங்கள் மாவட்டத்தின் வழக்கு. தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவர் செலவை ஏற்பதும், கெடுதி வருமுன் தடுப்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் வேலூரின் பெயரைக் கடந்துதான் போக வேண்டும். அந்தப் பெயருக்குச் சொந்தமான மண்ணில் அந்த மேடு இன்னும் நிற்கிறது.

தீர்ப்புகளுக்குப் பின் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த விதிகளை எழுதியவர்கள் ஆழமாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிச்ரியில் சீரமைப்புச் செலவை நிறுவனங்கள் கட்டாமல் மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தன. 37 கோடியே 38 லட்சம் ரூபாயைக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட 2011 ஜூலை ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்தக் கிணறுகளுக்குச் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். எங்கள் பகுதியில், இழப்பீட்டைத் தீர்மானிக்க அமைத்த ஆணையம் 2001-ல் 29 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குத் தொகை நிர்ணயித்தது. அதே விவகாரத்தை 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி கையில் எடுத்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுங்கள், பாலாற்றின் நிலையைக் கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று ஆணையிட வேண்டியிருந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பெயர் சொல்லி உத்தரவிட்ட இடங்களிலேயே இந்தக் கதி. வெறும் விதியை நம்பி, அதிலும் முடிவுத் தேதி இல்லாத விதியை நம்பி, மற்ற ஊர்கள் எத்தனை காலம் காத்திருக்கும்?

உங்கள் கணக்கையே பாருங்கள். நாடு முழுவதும் 103 இடங்கள் மாசடைந்தவை என்று கண்டறியப்பட்டிருக்கின்றன. விதிகள் வந்த நேரத்தில் அவற்றில் சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தது 7 இடங்களில். தொடங்கிய கணக்குத்தான் ஏழு, முடிந்த கணக்கல்ல. கொடைக்கானலில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் அந்த வளாகத்தின் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வாக்குவாதம் அடுத்த பதினைந்து ஆண்டுகளையும் விழுங்கியது. போபாலில் 1984 டிசம்பர் விபத்துக்குப் பின் ஆலை வளாகத்தில் மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் கழிவு வெளியேற 2025 ஜனவரி ஆனது. அதுவும் மூட்டையில் இருந்தது மட்டுமே. ஆலையைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் அப்படியே இருக்கின்றன.

போபால் கழிவு போன இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அங்கே இருக்கும் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் மேட்டை வாரி இன்னோர் ஊரின் தலையில் கொட்டுவதை நான் தீர்வு என்று கேட்கவில்லை. நம் மாநிலத்தின் அபாயக் கழிவை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இன்னும் இரண்டேகால் லட்சம் டன் கொண்டுவா என்று கேட்கவில்லை. இருக்கும் இடத்திலேயே இரும்பு சல்பேட் போன்றவற்றைக் கொண்டு ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை டிரைவேலன்டாக மாற்றி, நீர் புகாத அடித்தளம் போட்ட பாதுகாப்பான குழியில் அடைத்து, கெட்டுப்போன நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்து, அதன் பரவலைத் தடுப்பது உலகம் அறிந்த வழிதான். அதைச் செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். காற்றில் பறக்கும் குரோமேட் தூசி நுரையீரலுக்குள் போவதுதான் மிகக் கொடியது. அவசரமாக, மூடாத லாரியில், மழைக்கு நடுவில் வாரினால் இத்தனை காலம் நீரில் இருந்ததைக் காற்றிலும் கலந்துவிடுவீர்கள். ஆகவே நான் கெடு கேட்பதை அவசரம் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவுத் தேதி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதம் என்று உங்கள் அதிகாரிகள் சொல்லலாம். ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதம்தான். அதனால் நாடு முழுவதற்கும் ஒரே தேதியை நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கும் இதே ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்தான். எரிவாயுக் குழாய் நிலையத்தின் குளிர்விப்பு நீரிலிருந்து 1950-களிலும் 60-களிலும் நிலத்தில் இறங்கியது. ஊர்மக்கள் வழக்குத் தொடுத்து 1996-ல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றார்கள். அங்கேயும் வேலை இன்னும் முடியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தப் பகுதியின் நீர்த்தர வாரியம் 2015-ல் பிறப்பித்த உத்தரவில், மாசு எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று தேதிகள் இருக்கின்றன. தவறினால் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது. ஹிங்க்லியில் ஒரு விவசாயி அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும். நான் எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது?

பணம் பற்றியும் அந்த நாட்டிலிருந்து கற்க ஒன்று உண்டு. லவ் கனால் என்ற குடியிருப்பின் அடியில் புதைத்த ரசாயனக் கழிவு மேலே வந்தபின், 1980-ல் அவர்கள் சூப்பர்ஃபண்ட் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ரசாயன, பெட்ரோலிய நிறுவனங்கள் மீது வரி போட்டு ஒரு நிதியைச் சேர்த்தார்கள். பொறுப்பாளர் ஓடிப்போனாலும், திவாலானாலும், வழக்கை இழுத்தாலும் அந்த நிதியில் வேலையைத் தொடங்கலாம், பின்பு அவரைத் துரத்தி வசூலிக்கலாம். 1995-ல் அந்த வரி காலாவதியானது, நிதி வற்றியது, வேலைகள் மந்தமாயின. 2021-ல் ரசாயனங்கள் மீதும், 2022-ல் பெட்ரோலியத்தின் மீதும் சட்டம் இயற்றி வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பொறுப்பானவரைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் மத்திய, மாநில அரசுகள் சீரமைப்புக்கு ஏற்பாடு செய்யும் என்று உங்கள் விதிகளும் சொல்கின்றன. அந்த ஏற்பாட்டுக்குத் தனியாக ஒதுக்கிய, வேறெதற்கும் திருப்ப முடியாத பணம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. எங்களுடையது போன்ற மூடிய ஆலைகளின் மேடுகள்தான் இந்தக் கேள்வியில் அடிபடுபவை. ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையின் மின் இணைப்பைத் துண்டிக்கலாம், உரிமத்தை நிறுத்தலாம். மூடிக் கிடக்கும் ஆலையிடம் எதைக் காட்டி மிரட்டுவீர்கள்?

சுரங்கக் கழிவு, அணுக்கதிர்க் கழிவு, கடலில் எண்ணெய்க் கசிவு, ஊராட்சி நகராட்சிக் குப்பைமேடுகள் ஆகியவற்றை வேறு சட்டங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விலக்கிவிட்டீர்கள். அதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் பேசுவார்கள். நான் தண்டனையைப் பற்றிப் பேசுகிறேன். இதே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக மாற்றியது 2023-ஆம் ஆண்டின் திருத்தம். மேல் வரம்பு 15 லட்சம் ரூபாய். இரண்டு லட்சம் டன் கசடை அகற்றும் செலவுக்கு முன் அந்தத் தொகை எம்மாத்திரம் என்பதை எந்த நிறுவனத்தின் கணக்கரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எங்கள் தொழிற்பேட்டையில் காலம் கடத்துவதன் விலை வேறொரு விதமாகவும் தெரிந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அது நான் சொல்லும் குரோமேட் மேடு அல்ல, வேறு கசடு, வேறு இடம். ஆனால் அகற்ற வேண்டிய கசடை அகற்றாமல் சேர்த்துவைத்ததுதான் அங்கும் நடந்தது. உடனே நோட்டீஸ்கள், விசாரணை, அமைச்சர் வருகை எல்லாம் வந்தன. சுவர் உடைந்தால் அரசுக்குக் கேட்கிறது. நிலத்தடியில் மெல்ல நகரும் நஞ்சு சத்தம் போடாது. அதனால்தான் அதற்குச் சட்டத்தில் தேதி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

2006-ல் ஓர் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் இருந்தது. அன்று நிறையப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியூரில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு தடையானது. நிலத்தை விற்கப் போனால் தரகர் முதலில் தண்ணீரைத்தான் கேட்கிறார். 2019-ல் இராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது, இனியாவது மேடு கண்ணில் படும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது உங்களிடம் நாங்கள் கேட்பவை.

விதிகளில் திருத்தம் கொண்டுவாருங்கள். ஓர் இடம் மாசடைந்தது என்று அறிவிக்கப்பட்டதும், அந்த இடத்துக்கென்று சீரமைப்பின் தொடக்க நாளும், இடைக்கட்டங்களும், முடிவு ஆண்டும் எழுதிய உத்தரவு பிறப்பிக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிலத்தடி நீரில் மாசு எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பது எண்ணாக அதில் இருக்க வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி அதில் குறிக்கப்பட வேண்டும். தேதியை நீட்டிப்பதானால் காரணத்தை எழுத்தில் வெளியிட்டு, ஊர்மக்களைக் கேட்டபின்பே நீட்டிக்க வேண்டும்.

இராணிப்பேட்டைக் குரோமேட் மேட்டை மறுபடி சந்தேகத்துக்குரிய இடம் என்ற முதல் படியிலிருந்து தொடங்காதீர்கள். இருக்கும் ஆய்வுகளை ஏற்று, நேராகச் சீரமைப்புத் திட்டத்துக்குப் போங்கள். இன்னொரு 90 நாள், இன்னொரு மூன்று மாதம் என்று எங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பக் கூடாது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேட்டின் மேல் விழும் நீர் உள்ளே இறங்காமலும், அடியில் கசியும் நீர் கால்வாய்க்குப் போகாமலும் தடுக்கும் இடைக்கால வேலையை முடியுங்கள். அது முழுத் தீர்வாகக் கணக்கில் எழுதப்படக் கூடாது.

பொறுப்பானவர் யார் என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பணத்தை முதலில் மத்திய, மாநில அரசுகள் தனி நிதியில் போடட்டும், பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். இதற்கான தொகையைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்டுங்கள். கசடை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்ற முடிவை எங்களையும், அது போய்ச் சேரும் இடத்தின் மக்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரியின் முடிவையும் தமிழில், கிணற்றின் அடையாளத்தோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இதுவரை எடுத்தவற்றையும் சேர்த்தே கேட்கிறேன். நீர் கெட்டிருக்கும் வீடுகளுக்குக் குழாய்க் குடிநீரை இடைவெளி இல்லாமல் கொடுங்கள். கழனியை இழந்தவர்களுக்கு, நிலம் மீளும் ஆண்டு வரை, ஆண்டுதோறும் இழப்பீடு கொடுங்கள்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களையும், மேட்டைச் சுற்றி வாழ்கிறவர்களையும் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொறுப்பில் முழுமையாகப் பரிசோதியுங்கள். ஒப்பந்தக் கூலிகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர்களை ஊருக்குள் வந்துதான் தேட வேண்டும், தேடும் வேலையில் நாங்கள் கூட வருகிறோம்.

இந்த மடலுக்கு 90 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மாநில வாரியங்களுக்கு நீங்கள் விதித்திருக்கும் அதே கெடு இது.

இப்படிக்கு,
சிப்காட்டை ஒட்டிய கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண்,
இராணிப்பேட்டை மாவட்டம்.